உப்பு இல்லை என்றார் பேராசிரியர்

கொல்கத்தாவில், சந்தைக்கு வெளியே, நான் வங்காளத்தில் பேசிய முதல் முழு வாக்கியம், "நீங்கள் பொய் சொல்கிறீர்கள்" என்பது. சொன்னது ஓர் ஓய்வுபெற்ற பேராசிரியரைப் பார்த்து. அதுவும் அவர் வீட்டில், அவர் கையால் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே.

ஜாதவ்பூரில் ஒரு சந்துக்குள் அவருடைய தரைத்தள வீடு. சனிக்கிழமை சாயங்காலம். வெளியே மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சந்தில் தண்ணீர் ஏறி, போகிற வருகிற ரிக்‌ஷாவெல்லாம் படகு மாதிரி அலை எழுப்பிக்கொண்டு போயின. ஈரத்தில் ஊதிப்போன ஜன்னல் கதவு சாத்த வரவில்லை. அதன் வழியாகச் சாரல் வந்து என் இடது தோளை நனைத்தது. நான் நகரவில்லை. நகர்ந்தால் கையில் இருக்கும் சீட்டுகள் அடுத்தவர் கண்ணில் பட்டுவிடும்.

மேஜையைச் சுற்றி நாங்கள் நான்கு பேர். நடுவில் ஒரு விளையாட்டுப் பலகை. அதில் வளைந்து வளைந்து ஓடும் ஒரு நதி, கரையெல்லாம் சின்னச் சின்ன ஊர்கள். நாங்கள் நால்வரும் வியாபாரிகள். என்னிடம் மரம் நிறைய இருந்தது. உப்பு இல்லை. உப்பு கிடைத்தால் ஆற்றின் வளைவில் இருக்கும் பெரிய ஊர் எனக்கு.

பேராசிரியரிடம் கேட்டேன். அவர் தன் சீட்டுகளை ஒருமுறை பார்த்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். மிகுந்த வருத்தத்தோடு தலையை அசைத்து, உப்பு இல்லை என்றார்.

அதுவரை கைமாறிய உப்புச் சீட்டுகளை நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்திருந்தேன். மீதி உப்பு அந்த மனிதர் கையைத் தவிர வேறெங்கும் இருக்க முடியாது. எனக்குள் என்ன நடந்ததோ தெரியாது.

"ஆப்னி மித்தே கொதா போல்ச்சேன்" என்றேன்.

எதிர் நாற்காலியில் பொரி அள்ளி வாயருகே கொண்டுபோன ஷுபோவின் கை அப்படியே நின்றது. ஆனால் எல்லோரையும்விட முதலில் முகம் வெளிறியது பேராசிரியருக்கு இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரூமாவுக்கு.

அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தலையாட்டிக் கழித்த காலம்

போன வாரம் இந்தப் பத்தியில் பெஹாலா மீன் சந்தையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, 'இவ்வளவு பேரம் பேசுகிறீர்களே, வங்காளம் எங்கே கற்றீர்கள்?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சந்தையில் பாதி, மேஜையில் மீதி என்பதுதான் பதில்.

தூத்துக்குடியிலிருந்து நாங்கள் இங்கே வந்தது என் கணவரின் மாற்றலால். அவர் செல்வராஜ். துறைமுக வேலைகளைப் பார்க்கும் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் என்ஜினீயர். மகள் நிலா அந்த வருடம்தான் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் சேர்ந்திருந்தாள். ஆக, பெஹாலாவில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் நாங்கள் இருவர். காலை ஒன்பது மணிக்குப் பிறகு நான் ஒருத்தி.

அவர் ஆறே மாதத்தில் வங்காளம் பேச ஆரம்பித்துவிட்டார். வேலை செய்யும் இடத்தில் அது இல்லாமல் முடியாது. எனக்கு இந்தி தெரியாது. ஆங்கிலம் காதில் விழுந்தால் புரியும், வாயிலிருந்து வெளியே வருவதற்குள் எதிரில் இருப்பவர் போய்விடுவார். அதனால் எதற்கும் சிரித்துத் தலையாட்டும் பழக்கத்துக்கு வந்துவிட்டேன்.

தலையாட்டுவதிலும் ஆபத்து உண்டு. ஒருநாள் மாடிப்படியில் நான்காவது மாடி அம்மாள் நிறுத்தி ஏதோ கேட்டார். தலையாட்டினேன். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஆறு பூந்தொட்டிகள். அவர் டார்ஜிலிங் போய்த் திரும்பும் வரை தண்ணீர் ஊற்ற ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்று சாயங்காலம் என் கணவர் கேட்டுச் சொன்னார்.

"நமக்கு இந்த ஊரு ஒத்துவராதுங்க. தூத்துக்குடிக்கே கேளுங்க" என்று நான் சொல்லாத மாதம் இல்லை. அவரும் எழுதிக் கொடுத்தார். பதில் வரவில்லை. மறுபடியும் எழுதிக் கொடுத்தார்.

நாலாவது ஆள்

இரண்டாவது மாடியில் இருந்தவள் ரூமா. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள். என்னைவிட நான்கைந்து வயது சின்னவள். ஒரு சனிக்கிழமை மதியம் கதவைத் தட்டி, ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"போவ்தி, உங்களுக்குப் பலகை விளையாட்டு தெரியுமா?"

போவ்தி என்றால் அண்ணி. பக்கத்து வீட்டுப் பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்ன கேட்கிறாள் என்று முழுதாகப் புரிவதற்குள் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டேன்.

"நல்லதாப் போச்சு. எங்க குழுவில ஒருத்தன் பெங்களூருக்குப் போயிட்டான். நாலு பேர் இல்லைன்னா ஆட்டமே இல்லை. கிளம்புங்க."

அப்படித்தான் போனேன். டாலிகஞ்ச் வரை ஓர் ஆட்டோ, அங்கிருந்து ஜாதவ்பூருக்கு இன்னொன்று. முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருந்தால் என் மகள் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருப்பாள்.

அந்த வீட்டுக்காரர்தான் பேராசிரியர் பார்த்தோ. தெருவில் எல்லோருக்கும் அவர் பார்த்தோதா, அதாவது பார்த்தோ அண்ணன். எனக்கும் அப்படியே. நிலவியல் நடத்தி ஓய்வுபெற்றவர். மனைவி இல்லை. வீடு முழுக்கப் புத்தகமும் கல்லும். ரூமாவும், ஹவுராவிலிருந்து வரும் ஷுபோவும் ஒரு காலத்தில் அவரிடம் படித்தவர்கள். ஷுபோ படிப்பை முடித்துவிட்டுக் குடும்பத்தின் லேத் பட்டறையை எடுத்து நடத்துகிறவர். இரண்டு பேருக்கும் தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் அவரை 'ஸார்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

பார்த்தோதா என்னை உட்காரவைத்து ஒரு பலகையை எடுத்தார். தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள். அவருக்குக் கறுப்புக் காய், எனக்கு வெள்ளை. ஆளுக்கொன்றாக மாற்றி மாற்றி வைக்க வேண்டும். பலகையில் எதிரெதிராக இருக்கும் தன்னுடைய இரண்டு விளிம்புகளை அறுபடாத ஒரு வரிசையால் யார் முதலில் இணைக்கிறாரோ அவருக்கு ஜெயம். இதை விரலாலேயே காட்டிவிட்டார். ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

முதல் ஆட்டம் தோற்றேன். இரண்டாவதும். மூன்றாவது ஆட்டத்தில் அவர் ஒரு காயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு அதைப் பலகையில் வைக்காமல் டப்பாவிலேயே போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். "ஏங்க, ஒரு புரொஃபஸர ஜெயிச்சுட்டேன்."

"எதுல?"

"புள்ளி வச்சு வெளையாடுதது மாதிரி ஒண்ணு."

புள்ளிக் கட்டம்

அந்தப் புள்ளி விளையாட்டைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசை வரிசையாகப் புள்ளி வைத்து, ஆளுக்கொரு கோடாக இழுத்து, கட்டத்தை மூடுகிறவர் உள்ளே தன் பெயரின் முதல் எழுத்தைப் போடுவது. எங்கள் வகுப்பில் கட்டத்தை மூடும் வெறியில் எல்லோரும் அவசரப்படுவார்கள். நான் கோட்டை இழுக்காமல் காத்திருப்பேன். கடைசியில் யாராவது ஒரு தப்புக் கோடு போட, ஒரே மூச்சில் பக்கம் முழுக்க 'தே', 'தே', 'தே' என்று எழுதிக்கொண்டே போவேன். கணக்கு டீச்சர் ஒருமுறை அந்த நோட்டைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, பேசாமல் திருப்பிக் கொடுத்தது நினைவிருக்கிறது. ஒருவேளை அவருக்கும் அது பிடித்திருக்கலாம்.

என் பெயர் தேன்மொழி. அந்த 'ழி' ஜாதவ்பூரில் யார் வாயிலும் வரவில்லை. மொலி, மோலி என்று உருண்டு, கடைசியில் மௌலி ஆகிவிட்டது. அது அவர்கள் ஊரிலேயே வழங்கும் பெயராம். மௌலிதி என்றால் மௌலி அக்கா.

எதிராளியே மொழிபெயர்ப்பாளர்

காய் வைக்கும் ஆட்டங்களில் எனக்குக் குறையே இல்லை. வம்பெல்லாம் அந்த நதி விளையாட்டில்தான். நான்கு பேரும் சேர்ந்தால் பார்த்தோதா அதைத்தான் எடுப்பார்.

உப்பு, துணி, மரம், வெல்லம் என்று நான்கு சரக்கு. ஒவ்வொரு ஊரும் கேட்கும் சரக்கைக் கொண்டு சேர்த்தால் அந்த ஊர் நமக்கு. கையில் இல்லாததை அடுத்தவரிடம் பேசித்தான் வாங்க வேண்டும். வாயால் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லலாம். சந்தேகம் வந்தால் ஆட்டத்துக்கு ஒருமுறை மட்டும் சவால் விடலாம். சொன்னது பொய் என்றால் அவர் கையில் இருப்பதில் பாதி நமக்கு. மெய் என்றால் நம்முடையது முழுக்க அவருக்கு.

பேரம் எல்லாம் வங்காளத்தில், அதுவும் மூன்று பேரும் ஒரே நேரத்தில். நான் என்ன செய்வேன்? ரூமாதான் எனக்கு ஆங்கிலத்தில் சொல்வாள். என் பதிலை அவர்களுக்குச் சொல்வாள். நானும் நன்றியோடு கேட்டுக்கொள்வேன். ஒவ்வொரு வாரமும் கடைசியாக வருவேன்.

எதிராளியையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு வியாபாரம் செய்கிறோம் என்பது பல வாரங்கள் எனக்கு உறைக்கவே இல்லை.

உறைத்தது பெஹாலா சந்தையில். பூசணிக்கீற்று வாங்கிக்கொண்டிருந்தேன். காய்க்கார அம்மாள் ஒரு கைப்பிடி கொத்தமல்லியை என் பக்கம் நீட்டி, "தொனேபாத்தா தேபோ?" என்று கேட்டார். கொத்தமல்லி தரட்டுமா என்கிறார். பக்கத்தில் நின்ற ஒருவர் பையைத் திறந்து, "நேபோ, நேபோ" என்று தன் பங்குக்குக் கொத்தமல்லியை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

தேபோ என்றால் தருவேன். நேபோ என்றால் எடுத்துக்கொள்வேன். ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

கையில் பூசணியோடு அங்கேயே நின்றுவிட்டேன். போன சனிக்கிழமை ஷுபோ என் துணியைக் காட்டி, இரண்டு விரலை நீட்டி, மரம் என்று சொல்லி 'தேபோ' என்றார். எனக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டு மரம் தருவேன் என்றிருக்கிறார். ரூமா அதை, "ஒரு துணி கொடுத்து, கூட ரெண்டு மரமும் கொடுக்கணுமாம், அநியாயம், ஒத்துக்காதீங்க" என்று எனக்குச் சொன்னாள். நான் மறுத்தேன். அடுத்த நிமிஷம் அதே பேரத்தை அவள் முடித்துக்கொண்டாள்.

கோபம் வந்ததா என்றால், இல்லை. பெஹாலா டிராம் தண்டவாளம் இருந்த சாலையில் காய்ப்பையோடு தனியாகச் சிரித்துக்கொண்டு நடந்தேன். என்னையும் ஏமாற்றும் அளவுக்கு ஒரு ஆளாக மதிக்கிறாள் என்று தோன்றியது. அந்த ஊரில் அதுவரை எல்லோரும் என்னிடம் மரியாதையாக மட்டும்தான் இருந்தார்கள்.

அன்றிலிருந்து தினமும் சந்தைக்குப் போனேன். வாங்க எதுவும் இல்லாத நாளிலும் போனேன். எவ்வளவு, குறைத்துக்கொள், இது அழுகல், நேற்றுக் கொடுத்தது நன்றாக இல்லை, நாளைக்கு வருகிறேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது என் கணவர் உச்சரிப்பைத் திருத்துவார். எதற்கு இந்தத் திடீர் ஆசை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமைகளில் எப்போதும்போல ஒன்றும் புரியாத முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். ரூமா வங்காளத்தில் ஷுபோவிடம், "இவங்ககிட்ட நான் வெல்லம் வாங்கித் தர்றேன், நீ எனக்குத் துணி கொடு" என்பாள். எனக்கு ஆங்கிலத்தில் வேறு எதையோ சொல்வாள். நான் இரண்டையும் கேட்டுக்கொண்டு, வெல்லத்தை நேராக ஷுபோவிடம் நீட்டுவேன். "மௌலிதிக்கு இப்போ அதிர்ஷ்டம் அடிக்குது" என்று ரூமா வியந்துகொள்வாள்.

மறுபடி அந்த மழை நாள்

ஆக, நான் பேராசிரியரைப் பொய்யர் என்றபோது ரூமாவின் முகம் ஏன் வெளிறியது என்று இப்போது புரிந்திருக்கும்.

பார்த்தோதா கண்ணாடியைக் கழற்றி ஜிப்பா நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டார். பிறகு தன் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி மேஜையில் வைத்தார். உப்பு. உப்பு. உப்பு. துணி. உப்பு.

ஷுபோ, "ஸார்!" என்றார். அதில் இருந்த வேதனையை எழுத முடியாது.

"என்ன ஸார்? பத்துப் பன்னிரண்டு வருஷமா என்கிட்ட உப்பு இல்லைன்னு சொல்லிட்டு இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் ஒருநாளாவது கேட்டீங்களா?" என்றார் பார்த்தோதா. பிறகு என் பக்கம் திரும்பினார். "மௌலி, நீ சொன்னதை இன்னொரு தரம் சொல்லு."

மெதுவாகச் சொன்னேன்.

"மித்தே. அந்த 'த்தே'ல இன்னும் கொஞ்சம் காத்து வரணும். மத்ததெல்லாம் சரி" என்று சொல்லிவிட்டுத் தன் உப்பில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

ரூமா என் முழங்கையைப் பிடித்தாள். வங்காளத்திலேயே கேட்டாள். "எத்தனை நாளா உங்களுக்குப் புரியுது?"

"பூசணிக்காய் வாங்கின நாளிலிருந்து" என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் யோசித்து, ஒவ்வொரு சனிக்கிழமையாகத் திரும்பிப் போய்ப் பார்த்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரல் இடுக்கில் சிரிப்பு வந்தது. ஷுபோ உள்ளே போய் இன்னொரு தட்டு வெங்காய பஜ்ஜி எடுத்துவந்தார்.

அந்த ஆட்டத்தில் ஜெயித்தது நானில்லை. ஷுபோதான். எங்கள் அமளியில் அவரை யாரும் கவனிக்கவில்லை.

வந்துவிட்டது

துர்கா பூஜை முடிந்து, தெருவில் பந்தல் மூங்கில்களைப் பிரித்துக்கொண்டிருந்த நாட்கள். நிலா விடுமுறைக்கு வந்திருந்தாள். ஒரு மாலை என் கணவர் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றார்.

"தேனு, ஆர்டர் வந்துட்டு."

"என்ன ஆர்டர்?"

"தூத்துக்குடிக்குத்தான். நீ கேட்டேல்லா. தை மாசத்துக்குள்ள போயிச் சேரணும்."

நிலா குதித்தாள். நான் சிரித்தேன். பால் பாயசம் வைக்கிறேன் என்று அடுப்படிக்குள் போனேன். பாலைக் காய்ச்சிக்கொண்டு நின்றேன். ஜன்னல் வழியே கீழே ரூமா சைக்கிள் ரிக்‌ஷாக்காரரோடு வாக்குவாதம் செய்வது கேட்டது. ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. பால் பொங்கி வழிந்தது.

அடுத்த நாள் மாடிப்படியில் ரூமாவிடம் சொன்னேன். "நல்லதுதானே, நீங்க ரொம்ப நாளா கேட்டதாச்சே" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் அவள் எங்கள் மாடிக்கு வரவில்லை. அந்தச் சனிக்கிழமை பார்த்தோதா நதி விளையாட்டை எடுக்கவே இல்லை. என்னோடு மட்டும் அறுகோணப் பலகையில் ஆடினார். மோசமாக ஆடினார். நானும் மோசமாக ஆடினேன்.

ஆற்று நடுவில் ஒரு பேரம்

ஞாயிற்றுக்கிழமை நிலாவை ஹவுராவில் சென்னை ரயிலில் ஏற்றிவிட்டு, நாங்கள் இருவரும் திரும்ப ஆற்றைக் கடக்கும் ஃபெர்ரிப் படகில் வந்தோம். காலை வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது. டீசல் வாசனை. ஒரு குடும்பம் பெரிய பித்தளை அண்டாவை நடுவில் வைத்து அதைச் சுற்றி நின்றிருந்தது.

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"நாம போகத்தான் வேணுமா?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வருசக்கணக்கா கேட்டது நீதான."

"ஆமா. இப்ப எனக்கு இங்கனயே இருக்கணும் போல இருக்கு. இன்னும் ரெண்டு வருசம். நீங்க ரிட்டயர் ஆகதுக்குப் பொறவு நீங்க சொல்லுத எடத்துக்கு வாரேன்."

"லேசுப்பட்ட காரியமா அது? நாமளா கேட்டு வாங்குன ஆர்டர். இப்ப வேண்டாம்னு போயி நின்னா சிரிப்பானுவ." பெருமூச்சு விட்டார். "சரி. நான் போயி நிக்கேன்னு வையி. எனக்கு என்ன தருவே?"

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் சிரிப்பே இல்லை.

"என்ன வேணும்?"

"கருவாடு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம."

கொல்கத்தாவுக்கு வந்த நாள் முதல் வீட்டில் கருவாடு வறுக்க நான் விட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம். "மாசத்துக்கு ஒருக்கா" என்றேன்.

"ரெண்டு வாட்டி."

"சரி, ரெண்டு."

"மார்கழி லீவுக்கு எந்தம்பி குடும்பம் வரணும். ஒரு மாசம்."

அவர் தம்பி நல்லவர். ஆனால் காலையில் கண் விழித்ததும் பேச ஆரம்பித்தால் தூங்கும்போதுதான் நிறுத்துவார். "பத்து நாளு" என்றேன்.

"இருபது."

"பதினஞ்சு. அதுக்கு மேல முடியாது."

"சரி போ. கடைசியா ஒண்ணு. சனிக்கெழமயானா நான் ஒத்தையில டிவியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். மாசம் ஒரு தடவ உன் ஆளுக நம்ம வீட்டுக்கு வரட்டும்."

அதற்கு நான் பேரம் பேசவில்லை. அவர் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. படகு கரையில் இடித்து நின்றது. அண்டாவை இறக்கும் வரை எல்லோரும் காத்திருந்தோம்.

இரண்டு வாரம் கழித்து, ஆர்டர் ரத்தாகிவிட்டது என்று சொன்னார். நான் படியிறங்கி ஓடி ரூமா வீட்டுக் கதவைத் தட்டினேன். என்னவென்று அவள் கேட்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பித் தன் அம்மாவிடம், "போகலையாம்" என்று கத்தினாள்.

வீட்டுக்கு வந்தவர்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தேன். ஷுபோவுக்குப் பட்டறையில் அவசர வேலை, வரவில்லை. பார்த்தோதா ஒரு மண்சட்டி நிறைய மிஷ்டி தொய், அந்த இனிப்புத் தயிர், கொண்டுவந்தார். சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், மீன் குழம்பு. பேச்சுப்படி கருவாடும். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டுத்தான் வறுத்தேன்.

ரூமா உள்ளே நுழைந்ததும் மூக்கை நிமிர்த்தினாள். எனக்கு உயிரே இல்லை.

"ஷுட்கி! மௌலிதி, இது ஷுட்கிதானே? எங்க அம்மா பிறந்தது சிட்டகாங்ல, அங்கே இது இல்லாம சோறே இறங்காது. இதுக்காக நாங்க எங்கெல்லாம் அலையறோம் தெரியுமா?" என்று நேராக அடுப்படிக்கே போய்விட்டாள். இத்தனை வருடம் யாருக்காகக் கருவாட்டை ஒளித்தேனோ, அவள் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சாம்பாரைப் பார்த்தேன்.

சாப்பிட்ட பிறகு நதிப் பலகையை விரித்தோம். நாலாவது நாற்காலியில் என் கணவர். விதியெல்லாம் ஒரே தடவை கேட்டுக்கொண்டார். ஆபீஸ் வங்காளத்தில் மரியாதையாகப் பேசினார். யார் என்ன கேட்டாலும் கொடுத்தார். கடைசிச் சுற்றில் உப்புக்காக எல்லோரும் அடித்துக்கொண்டோம்.

"செல்வராஜ் பாபு, உங்ககிட்ட?" என்று கேட்டார் பார்த்தோதா.

"என்கிட்ட ஏது ஸார்? முதல்லேயே எல்லாம் ரூமாவுக்குக் கொடுத்துட்டேனே" என்றார்.

பார்த்தோதா என்னைப் பார்த்தார். சவால் விடலாமா என்று கேட்கிற பார்வை. நான் தலையசைத்தேன், வேண்டாம். இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவள் நான். அந்த மனிதருக்குப் பொய் வராது.

அவர் தன் கையை விரித்தபோது அதில் உப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆற்றின் கீழ்க்கரை முழுக்க அவருக்குப் போயிற்று. பார்த்தோதா எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினார்.

அவர்கள் போன பிறகு நான் பாத்திரம் கழுவ, அவர் துடைத்து அடுக்கினார். சாயங்கால வெயில் அடுப்படித் தரையில் நீளமாக விழுந்திருந்தது.

"இவ்வளவு நல்லா பொய் சொல்ல வருமா உங்களுக்கு? எங்கிட்ட வேற என்னெல்லாம் சொல்லியிருக்கீய?"

அவர் ஒரு தட்டைத் துடைத்து முடித்தார். "பெருசா ஒண்ணுமில்ல. அந்த ஆர்டர் இருக்கு பாத்தியா, அத ரத்து செய்யச் சொல்லி நான் ஆபீசர்ட்ட பேசுனது வெள்ளிக்கெழம."

"எந்த வெள்ளிக்கெழம?"

"நாம ஃபெர்ரில பேசுனதுக்கு முந்தின வெள்ளிக்கெழம."

குழாயை நிறுத்தினேன். "நான் கேக்கதுக்கு முன்னாலயேவா?"

"ஆர்டர் வந்தன்னைக்கு நீ சிரிச்சியே, அதப் பாத்தேன். பொறவு பால் பொங்குன வாசம் வந்துது. உன் அடுப்புல பால் பொங்கி நான் பாத்ததே இல்ல."

"அப்ப அன்னைக்கே எங்கிட்ட சொல்லுததுக்கென்ன? பெருமூச்செல்லாம் விட்டு, கருவாடு, தம்பின்னு எவ்வளவு பேரம்."

அவர் அடுத்த தட்டை எடுத்தார். "நீ இது வேண்டாம், அது வேண்டாம்னு எவ்வளவோ சொல்லியிருக்கே. எனக்கு இது வேணும்னு ஒருநாளும் கேட்டதில்ல. அன்னைக்குக் கேக்கப்போறேன்னு தெரிஞ்சுது. முந்திக்கிட்டுச் சொன்னா கெட்டுப்போயிருமேன்னு இருந்தேன்."

கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றேன். அதற்குள் வாசல் மணி அடித்தது.

ரூமா. கையில் காலி டப்பா. "மௌலிதி, அம்மாவுக்குக் கொஞ்சம் ஷுட்கி மிச்சம் இருக்குமா?"

ராத்திரிச் சோற்றுக்கென்று, பேரப்படி அவருக்காகத் தனியே மூடி வைத்திருந்த கருவாட்டுக் கிண்ணத்தை எடுத்தேன். ஒரு துண்டு விடாமல் அத்தனையையும் அவள் டப்பாவில் கொட்டி மூடிக் கொடுத்தேன். அவர் கையில் தட்டோடு பார்த்துக்கொண்டே நின்றார்.